ஏழாங்கட்டையில் இருபத்தாறு மீட்டர்

பகாவ் போகும் சாலையில்
ஏழாங்கட்டை தாண்டினால் வளைவே இல்லை.
மைல் ஒழிந்து எத்தனையோ ஆண்டாகிறது,
கட்டை ஒழியவில்லை.
பஸ்ஸில் ஏறுபவர்கள் இன்னும்
'ஏழாங்கட்டை ஒண்ணு' என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.
இருபுறமும் செம்பனை.
ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் ஒன்பது மீட்டர்;
நட்டவர்கள் கயிறு பிடித்து நட்டிருக்கிறார்கள்.

ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு பசுவுக்கும்
இடையில் நடந்ததை அளந்து வரும்படி
காப்புறுதிக் கம்பெனி என்னை அனுப்பியது.

கோப்ரல் ஜைலானி நாடாவின் நுனியைப் பிடித்தார்.
முதல் சில சென்டிமீட்டர் என்றைக்கோ கிழிந்துபோனவை.
பத்தில் வையுங்கள், என்றேன்,
பிறகு பத்தைக் கழித்துக்கொள்ளலாம்.
பூஜ்யத்தில் தொடங்கிய எதையும்
இந்த வேலையில் நான் பார்த்ததில்லை.

மெல்லிசாய்த் தொடங்கித் தடித்துக்கொண்டே போன
கறுப்புக் கோடு.
அது முடிந்த இடத்தில் கண்ணாடிச் சில்லு,
காய்ந்த சாணம்.
கழித்தது போக இருபத்தாறு மீட்டர்.

குலை வெட்டும் தவசீலன் சொன்னார்:
"அஞ்சாவது மரத்துல பிரேக் புடிச்சான்,
ரெண்டாவது மரத்துல மாடு."
என் நாடாவுக்கும் அவர் மரங்களுக்கும்
ஒரே ஒரு மீட்டர்தான் பிசகு.
லோரி ஓட்டும் ஆ லெக், "ரொம்ப ஸ்பீட் லா" என்றார்.
ரொம்ப என்பதை எதால் பெருக்க?
மாட்டுக்குச் சொந்தக்காரி அஞ்சுகம்
தூரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.
"காலையில நாலு போத்தல், சாயங்காலம் ரெண்டு.
எழுதிக்கோ."
படிவத்தில் போத்தலுக்குக் கட்டம் இல்லை.

ஆஸ்பத்திரியில்
மாவுக்கட்டுக் காலோடு தர்வின்ராஜ்:
"நாற்பதுதான் அக்கா. சத்தியமா நாற்பது.
மீட்டரப் பார்த்துக்கிட்டுதான் ஓட்டினேன்."

கணக்கு வேறு சொன்னது.
காய்ந்த தாரின் உராய்வு புள்ளி ஏழு,
பூமி இழுப்பது ஒன்பது புள்ளி எட்டு,
தேய்ந்த தூரம் இருபத்தாறு.
பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால்
நொடிக்குப் பத்தொன்பது மீட்டர் சொச்சம் குறைய;
மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர்.
அதுவும் குறைந்தபட்சம்.
கோடு முடிந்தபோதும் வண்டியில் வேகம் இருந்தது,
மிச்சத்தை மாடு வாங்கிக்கொண்டது.
பையன் பொய் சொல்கிறான் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

ஸ்டேஷன் பின்கட்டில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.
முன்சக்கரம் அப்பளம்போல் வளைந்திருந்தது,
இருக்கையின் கிழிசலில் மழைத் தண்ணீர்.
முள் நாற்பதில் நின்றது.
விரலால் தட்டினேன்.
நாற்பது.
"சிக்கி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் பட்டறைக்காரர்,
"மாத்துறேன் மாத்துறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."
இரண்டு வருஷமாக
பாசாருக்கும் நாற்பது, ஆலைக்கும் நாற்பது,
வாசலில் சாய்த்துவிட்டு அவன் தூங்கிய
ராத்திரியெல்லாம் நாற்பது.
பென்சில் எழுத்தை அழித்தேன்.
தாளில் பள்ளம் மட்டும் இருந்தது.

இன்னும் ஒரு நொடி கணக்கில் வரவில்லை.
கண் மாட்டைக் கண்டு
கை பிரேக்கை இறுக்கும்வரை
பாடப்புத்தகம் எல்லோருக்கும் தரும் ஒரு நொடி.
அந்த நொடியில் வண்டி
முடுக்கமில்லாமல், நேர்கோட்டில், சீராக,
ஏழாவது மரத்திலிருந்து ஐந்தாவதுக்கு வந்திருக்கும்.
தாரில் அதற்குத் தடம் இல்லை,
கோப்ரல் குனிந்து பிடிக்க ஒரு நுனி இல்லை.
தவசீலனைத் திரும்பப் போய்க் கேட்டேன்.
அரிவாளை மரத்தில் சாய்த்துவிட்டு யோசித்தார்.
"அப்பத்தான் ஆலைச் சங்கு ஊதிச்சு.
குனிஞ்சு மீட்டரப் பார்த்தான்."

அறுபத்தெட்டுக்குக் குறையாமல், என்று எழுதினேன்.
குறிப்புகள் என்ற கட்டத்தில்:
வேகமானியின் முள் பழுது.
அதன் கீழே, இடம் இருந்ததால்,
நாளைக்கு ஆறு போத்தல்.

திரும்பும்போது என் காரின் முள் அறுபதில் இருந்தது.
எதை வைத்து நம்புவது?
ஆயிரத்தொன்று என்று வாய்க்குள் சொல்லி
ஒரு நொடிக்கு எத்தனை மரம் என்று எண்ணினேன்.
இரண்டு, கொஞ்சம் குறைய.
சரியாகத்தான் இருந்தது.
எண்ணி முடிக்கும்வரை
சாலையைப் பார்க்கவில்லை.