உள்ளடக்கத்தின் மதிப்பு

டண்டினோங் தபால் கந்தோரில்
ஆறு பிரதிகளையும் தராசில் வைத்தாள் ஹான்.
இரண்டு கிலோ நானூற்றிப் பத்து.
சுங்கப் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமை:
உள்ளடக்கத்தின் மதிப்பு, டொலரில்.

பதினொரு வருசம் என்று எழுத அதில் இடமில்லை.
பின்வரிசையில் கடவுச்சீட்டுப் படம் எடுக்க வந்த குழந்தை
வீறிட்டு அழுதது.
சைபர் போடலாமா, என்றேன்.
சைபர் என்றால் அனுப்ப ஏலாது,
கொஞ்சமாவது பெறுமதி இருக்கவேணும், என்றாள்.
ஆறு டொலர் என்று எழுதினேன்.

நோபிள் பார்க் பல் வைத்தியசாலையில்
பிறர் வாய்க்குள் போய்வந்த கருவிகளைக் கழுவி
நூற்றி முப்பத்தினாலு பாகையில் அவிப்பவள் நான்.
இயந்திரம் ஓடி முடிய நாற்பது நிமிசம்.
நாவல் முழுவதும் அந்த நாற்பதுகளுக்குள் எழுதியது.
கதையில் யாருக்காவது மூச்சு முட்டினால்
அது அந்த அறையின் ஆவி.

மே மாதம் முழுக்க ஏற்புரை தயாரித்தேன்.
கார் கழுவுமிடத்தில்
தூரிகைகள் வந்து கண்ணாடியை மூடியதும்
அவையோருக்கு வணக்கம் என்று தொடங்குவேன்.
நுரை கைதட்டும்.
அடக்கமாகச் சிரிக்கப் பழகினேன், அது கடினம்.
என்னை ஒருநாளும் மதியாத இரண்டு பேரை
பேர் சொல்லாமல் குத்துகிற இடத்தில்
தண்ணீர் நின்று பச்சை விளக்கு எரிந்துவிடும்.

குகதாசன் பத்து இலட்சம் ரூபாயை டொலராக்கிப் பார்த்தார்.
கூரைப் பீலி முழுசும் மாத்தலாம், என்றார்.
பீலிக்குள் ஒரு பொசம் குடியிருக்கிறது.
எனக்குப் பரிசு விழக்கூடாதென்று
நேர்ந்துகொள்ள நியாயமுள்ள ஒரே உயிர்.

ஓகஸ்ட்டில் பட்டியல் வந்தது, பன்னிரண்டு பேர்.
மேலிருந்து வாசித்தேன்.
கீழிருந்து வாசித்தேன்.
வேலைக்குப் போய்க் கருவிகளை அவித்தேன்.
ஏற்புரையை அழிக்கவில்லை,
அதில் ஒரு வசனம் நன்றாக இருந்தது.

செப்டெம்பர் கடைசியில்,
மக்பைகள் தலையைக் கொத்தத் துரத்தும் கிழமையில்,
பொதி திரும்பி வந்தது.
முகவரியில் ஆள் இல்லை என்று ஊதா முத்திரை.

அப்படியென்றால் நான் தோற்கவில்லை.
போய்ச் சேரவேயில்லை.
ஆறு கிழமை அழுத கண்ணீருக்கு
இனி யாரிடம் கணக்குக் கேட்பது?
சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது,
இரண்டில் எதை முதலில் விடுவதென்று தெரியாமல்
பொதியைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் கிழிந்து, வேறு நிறப் பட்டியால் ஒட்டியிருந்தது.
உள்ளே ஐந்து.
மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

விளைச்சலில் ஆறில் ஒன்று அரசனுக்கு என்பார்கள்.
எந்த அரசனின் எந்த ஆள்
எடுத்துப் போனாரோ
ஒரு டொலர் பெறுமதியான என் பங்கை.

அனுப்புவதற்கு முதல்நாள் இரவு
மெல்லிய நீலப் பேனையுடன் உட்கார்ந்திருந்தேன்.
நூற்றி நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
தவராசன் மறைந்தான் என்று வரவேண்டும்.
அச்சில் ஒரு சங்கிலிக் கொம்பு உதிர்ந்து
மறந்தான் என்றாகிவிட்டது.
ஒவ்வொரு பிரதியிலும் கொம்பு போட்டேன்.
நடுவில் யதுகா தொலைபேசி எடுத்தாள்,
ரயில் விட்டுவிட்டதாம், ஏற்ற வரட்டாம்.

இப்போது ஐந்தையும் விரித்துப் பார்க்கிறேன்.
ஐந்திலும் நீலக் கொம்பு இருக்கிறது.
ஆறாவதில் போட்டேனா?

போடாமல் விட்டிருந்தால்
ஏதோ ஒரு தபால் கிட்டங்கியில்
டியூப் லைற்றுக்குக் கீழே
தவராசன் சாகவில்லை.
மிச்ச நூற்றி நாற்பத்து நாலு பக்கமும்
எல்லோரும் அவனுக்காக ஏன் அழுகிறார்கள் என்று
விளங்காமல்
சோற்றுக் கையோடு
பின்பக்கம் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறார்
என் வாசகர்:

மறந்தான் என்றால்
யாரை?