ஒரு சாண் உயரம்

தேவர்களுக்குக் கண் இமைக்காது என்று
நான்தான் சொல்லித் தொலைத்தேன்.
ஒத்திகை இடைவேளை, காகிதக் கோப்பையில் காப்பி.
வெளியே தண்டர் பே மைனஸ் இருபத்தாறில் கிடந்தது.
இமைக்காது, வியர்க்காது, சூடிய பூ வாடாது,
கால் தரையில் பாவாது.
அதனால்தானே எங்கள் மொழியில் அவர்கள் இமையார்?

இயக்குநர் ஜீனோ பெட்ரெல்லா கோப்பையைக் கீழே வைத்தார்.
"இமைக்கவே இமைக்காதா?"
அன்றிலிருந்து ஐலாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து.

ஐலா லெஹ்டோனென் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
நாடகத்தில் விடியலின் தேவி.
செருப்பு வார் அறுந்து
தெருமுனைச் செருப்புக் கடையில் இறங்குகிறாள்.
கூலி கொடுக்கக் காசில்லை,
காதலைக் கொடுத்துவிடுகிறாள்.
நடுவில் பதினான்கு பாட்டு.
"கால் தரையில் படாதவளுக்குச்
செருப்பு எப்படித் தேயும்?" என்று கேட்டேன்.
"இது மியூசிக்கல்" என்றார் ஜீனோ.
"போய்க் கயிற்றைப் பிடி."

பிடித்தேன்.
பகலில் நான் பல் கிளினிக்கில்
பிறர் வாய்க்குள் வெளிச்சம் அடிப்பவள்.
இரவில் இடப்பக்கத் திரைக்குப் பின்னால்
ஒரு தேவியை ஏற்றி இறக்குபவள்.

மூன்றாம் இரவு, சனிக்கிழமை.
நாற்காலி முதுகெல்லாம் கனத்த கோட்டுகள்.
மேளம் உருள அவள் இறங்கிவந்தாள்,
தங்கக் காகிதம் ஒட்டிய மேகத்தின் ஓரமாக
இறங்கி, இறங்கி,
நின்றாள்.
தரைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண்.

மேலே கப்பி இறுகிவிட்டது.
கீழே சுவரில் கயிறு கட்டும் கொக்கி
திருகாணியோடு கையில் வந்துவிட்டது.
அவளைத் தாங்குவது கப்பியா நானா?
விட்டுப் பார்க்கிற விஷயமா அது.

செருப்புக் கடைக்காரன், அதாவது இன்சூரன்ஸ் டெரிக்,
மண்டியிட்ட இடத்தில் நிமிர்ந்தான்.
அவள் பாதம் அவன் மூக்குக்கு நேரே ஆடியது.
வசனம் மறந்து வாயைத் திறந்தபடி இருந்தான்
(கீழ்க்கடைவாயில் ஒன்று அடைக்கணும்).

அப்போது ஐலா குனிந்து,
நாடகத்தில் இல்லவே இல்லாத ஒரு வரி சொன்னாள்:
"அவசரமில்லை. உங்கள் ஊர்த் தரை
ரொம்பக் குளிர் என்று கேள்விப்பட்டேன்."

எப்படிச் சிரித்தார்கள்!
அந்தக் குளிரைக் காலையில்தான்
ஒவ்வொருவரும் காரிலிருந்து சுரண்டியிருந்தார்கள்.
அதன்பின் தொங்கியபடியே பாடினாள்,
தொங்கியபடியே கோபித்துக்கொண்டாள்.
முத்தத்துக்கு டெரிக்
முக்காலி ஒன்றைத் தேடிவந்து ஏறினான்.

பதினொரு நிமிடம்.
உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போவது தெரிந்தது.
ஒரு தேவி எத்தனை கிலோ என்று
எந்தப் புராணமும் சொன்னதில்லை.
என்னிடம் கேளுங்கள்.

வியர்த்தாள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன்,
முதுகுப் பட்டு முழுக்க ஈரம்.
தலையில் செருகிய நிஜ ரோஜா
இரண்டாம் பாட்டிலேயே தொங்கிவிட்டது.
கண்ணை மட்டும் இமைக்கவில்லை.
பயத்திலும் அப்படி விழித்திருக்கலாம் என்று
அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

விளக்கு அணைந்ததும் கப்பி தானாக இளகியது.
முதலில் கட்டைவிரல். பிறகு குதிகால்.
"கால் மரத்துப்போச்சு" என்று
பலகையிலேயே உட்கார்ந்தாள்.
அழுதாளா சிரித்தாளா,
இருட்டு.

திங்கள் காலை ஆறு ஐம்பது.
இரண்டு மஞ்சள் விளக்குகளோடு
பனிக்குள்ளிருந்து பேருந்து வந்து நின்றது.
ஓட்டுநர் இருக்கையில் ஐலா,
புருவத்தில் கழுவாத ஒரு துகள் தங்கம்.
கட்டுப்போட்ட கையால் சில்லறை தேடினேன்.
விரல்கள் மடங்கவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள்.
இரண்டு முறை, வேகமாக, இமைத்தாள்.
பிறகு காசுப்பெட்டியின் வாயைக்
கையுறையால் மூடிக்கொண்டு சொன்னாள்:
"உள்ளே போ. கதவைச் சாத்தணும்."