அரை அங்குலமா, ஒரு அங்குலமா

தகரக் கூரைக்கும் சிலிங்குக்கும் நடுவே
முட்டிபோட்டு நகர்கிறேன், வாயில் டார்ச்.
யாரோ சுற்றிவிட்டுப் போன கண்ணாடிப் பஞ்சு
வெள்ளித்தாள் கிழிந்து
நனைந்த பூனை மாதிரி தொங்குகிறது.
சொட்டுவது அதிலிருந்துதான்,
கீழே தெரேசம்மாவின் அரிசி வாளிக்குள்.

காப்பார் சோங் கடையில் எடுத்துவந்த இரண்டு சுருளையும்
தரையில் விரித்தேன்.
கறுப்பு ரப்பர். அரை அங்குலம் நூற்றுப்பத்து வெள்ளி,
ஒரு அங்குலம் கிட்டத்தட்ட இரட்டை.

ஒரு துண்டை மோந்து பார்த்தாள்.
"இது ரப்பரே இல்லை. இருபது வருஷம்
பால் எடுத்த மூக்கு, ஏமாத்தாதே."
இல்லைதான். எண்ணெயில் பிறந்தது.

"மெல்லிசே போதும். ராத்திரியில
இங்க யாரு ஏர்கோன் போடுறா?"
"பகல்ல?"
அறைக் கதவைக் கண்ணால் காட்டினாள்.
ஜன்னலில் ஆணியடித்த போர்வை.
மேரு கையுறைத் தொழிற்சாலையில்
இரவு ஷிப்ட் முடித்த மகள்.

கூரை கொதிக்கும்போது ஓடுகிற குழாய்தான்
அதிகம் வியர்க்கும் என்றேன்,
குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

அவள் வாளியைப் பார்த்தாள். சுருக்குப்பையைப் பார்த்தாள்.
"மீதியைச் சம்பளத்தன்னைக்கு வாங்கிக்கோ."

கனமானதை வெட்டினேன்.
மூட்டுக்கு மூட்டு பசை தடவி
காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக் கிடந்தேன்,
சுத்தியலைத் தொடவில்லை.