எந்தப் பக்கம் எழுதுவது

விலைத்தாளின் அடியில் ஒரே ஒரு வரி:
நான்கு சக்கர இயக்கம், கூடுதலாக மூவாயிரத்து நூறு டாலர்.
மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது.
நிறம், மழைக்கு முந்தைய ஏரியின் சாம்பல்.
தோல் இருக்கை, அதற்குள் சூடு.
கதவை மூடினால் தடித்த புத்தகத்தை மூடிய சத்தம்.
இந்த ஒரு வரியில்தான்
மூன்று வாரமாக நிற்கிறோம், ரைமோவும் நானும்.

டுலூத்தின் தெருக்கள் ஏரியைப் பார்த்து விழுபவை.
நவம்பர் வந்தால் தபால்காரர்
காலணியில் ஆணி கட்டிக்கொண்டு ஏறுவார்.

ரைமோ சமையலறை மேசையில் கணக்குப் போட்டார்.
போன குளிர்காலத்தில் கார் மேடேறாத நாட்கள் ஐந்து.
அதில் இரண்டு ஞாயிறு.
ஒன்றில் ஊரே மூடிக் கிடந்தது.
மிச்சம் இரண்டு.
எட்டு வருடம் வைத்திருந்தால் பதினாறு.
"ஒரு நாளுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு டாலர்!
டாக்ஸியில் போய் டிரைவருக்குக் காலைச் சாப்பாடும்
வாங்கிக் கொடுக்கலாம்."
பெட்ரோல் கூடக் குடிக்கும் என்பதைத் தனியே எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

என் கணக்கு தாளில் வராது.
மருத்துவமனை மருந்தகத்தில் வேலை எனக்கு.
அந்த இரண்டு நாளில் ஒரு நாள்,
விடிகாலை மூன்றரைக்கு அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள்,
ஏழாவது அவென்யூவின் பாதியில்
சக்கரங்கள் முன்னால் சுழல
கார் பின்னால் போய்க்கொண்டிருந்தது.
விளக்கணைந்த வீடுகள் ஒவ்வொன்றாக
என்னைக் கடந்து மேலே ஏறிப் போயின.
இதை எதால் வகுப்பது?

சனிக்கிழமை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது.
விற்பனைப் பெண் லோரலுக்கு அதைவிட நல்ல நாள் ஏது?
"இன்றைக்கே வந்து ஓட்டிப் பாருங்கள்" என்றாள் போனில்.

ஏறியது.
பொய் சொல்லக் கூடாது, அப்படி ஏறியது.
ஆணிக் காலணிக்காரரைத் தாண்டி,
ஓரத்தில் விட்டுவிட்டுப் போன மூன்று கார்களைத் தாண்டி,
அலமாரி மேல் ஏறும் பூனை போல,
எந்தக் காலை எப்போது வைத்தது என்றே தெரியவில்லை.
பின்னிருக்கையில் ரைமோ
கணக்குத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.
லோரல் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

உச்சியில் காரைத் திருப்பினேன்.
"மேல் ரோட்டு வழியாகவே போய்விடலாமே" என்றாள்,
சற்று அவசரமாக.
நான் இறங்கினேன்.

இரண்டாவது குறுக்குத் தெருவில் சிவப்புப் பலகை: நில்.
மிதித்தேன்.
பிரேக் காலடியில் கடகடவென்று முறையிட்டது.
நான்கு சக்கரமும் ஏகமனதாக வழுக்கின.
இருக்கை இதமாகச் சுட்டது. வானொலியில் மெல்லிய பியானோ.
வெளியுலகின் ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.
இவ்வளவு சொகுசாக
எதன் மீதும் நான் மோதப் போனதில்லை.

குறுக்கே வந்த பால் லாரி தூரத்திலேயே நின்று வழிவிட்டது.
ஓட்டுநர் கையைத் தூக்கினார்.
வாழ்த்தா, வசவா, தெரியவில்லை.
பலகையைக் கடந்து இரண்டு கார் நீளம் போய்
பனிக்குவியலில் மூக்கைப் புதைத்து நின்றோம்.

பியானோ முடியும்வரை யாரும் பேசவில்லை.
"கிளம்புறதுக்குத்தான் நாலும் இழுக்கும்," என்றாள் லோரல்,
விற்பனைக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு.
"நிக்கிறது டயர் பாடு.
இது எல்லாப் பருவத்துக்கும்னு எழுதியிருக்கிற டயர்."
எங்கள் பருவத்தை
எழுதியவர் பார்த்ததில்லை போலும்.

"பனி டயர் நாலும் என்ன விலை?"
"ஆயிரத்து நானூறு."
பின்னால் தாள் பிரியும் ஓசை.
பேனாவைத் தேடி ரைமோ பைகளைத் தட்டினார்.

ரிவர்ஸ் போட்டேன்.
ஒரு உறுமல் இல்லை, ஒரு சுழற்சி இல்லை,
வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவது போல
அது எங்களை வெளியே எடுத்து ரோட்டில் வைத்தது.

"இதையும் எழுதணும்" என்றார் ரைமோ.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
பேனா அவர் கையில் கொஞ்ச நேரம்
தாளைத் தொடாமல் நின்றது.