கணு

பாபு ராவ் தெரு லாட்ஜின் மொட்டைமாடியில்
நாற்பத்தாறு படுக்கை விரிப்புகள் காய்கின்றன.
அவற்றின் நிழல்தான் என் தோட்டம்.
வேலூர் வெயிலுக்கு வேறென்ன நிழல்.

காது உடைந்த பக்கெட்டுகள்,
எவரோ விட்டுப்போன பேசின்,
கோட்டை அகழி தூர் வாரினபோது
லாரிக்காரரைக் கெஞ்சி வாங்கின வண்டல் ஒரு மூட்டை.
துணி அலசின கடைசித் தண்ணி ஆடாதோடைக்கு,
அது எதையும் குடிக்கும்.
வல்லாரைக்கு மட்டும் குழாய்த் தண்ணி.
ஜபருல்லா பாய் கேட்டால்
தரை கழுவினேன் என்பேன்.

கீழாநெல்லியை நான் நட்டதில்லை.
ஐப்பசியில் தொட்டி விரிசலில்
தானே வந்து நிற்கும்.

முப்பத்திநாலில் மால்டாக்காரர்கள்.
அவருக்குக் கல்லீரல். அவளுக்கு அவர்.
எவரோ சொல்லி மேலே ஏறி வந்தவள்
கீழாநெல்லியைக் காட்டி
வேரோடு வேண்டுமென்றாள், கையாலேயே.
"டாக்டர்," என்றேன். "டாக்டரைக் கேளு."
எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது
அந்த ஒரு சொல்தான்.
முகம் சுண்டித் திரும்பினவள்
பேசின் பக்கம் நின்றுவிட்டாள்.
"தான்குனி!"
வல்லாரையைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள்,
சந்தையில் ஊர்க்காரியைக் கண்டதுபோல.

அவருக்கில்லை, எனக்கு என்று
தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.
ஓடுதண்டு அசையாமல்
காம்போடு இளசாய்க் கிள்ளினாள்.
அன்று மாலை மாடிப்படியெல்லாம் கடுகெண்ணெய் வாசம்.
பச்சைமிளகாயோடு அரைத்தது
ஒரு கிண்ணம் எனக்கும் வந்தது.
கசப்பு. இரண்டாம் கவளத்தில்
சோறு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

பதினெட்டு நாள்,
ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தாள்.
பிறகு ஒரு காலை
விரிப்பெடுக்கப் போனால் கதவு திறந்திருந்தது,
மெத்தை சுருட்டியிருந்தது.
ரிஜிஸ்டரில் 'காலி' என்றுதான் எழுதுவார்கள்.
எப்படிப் போனார்கள் என்றெழுத
அதில் கட்டம் கிடையாது.
காட்பாடியில் ரயில் ஏறினார்களா, ஆம்புலன்சா,
பாயிடம் கேட்க வாய்வரை வந்தது.
பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

பேசினில் இளசெல்லாம் கிள்ளியாகிவிட்டது.
விளிம்பு தாண்டித் தொங்கின ஒரு தண்டுக்கு மட்டும்
கீழே தயிர் டப்பாவில் மண் நிரப்பி
கணுவை அதில் படியவைத்து
சின்னக் கல் ஒன்று ஏற்றியிருந்தாள்.
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.
வேர் பிடித்திருக்கிறது.
அறுத்துப் பிரிக்க இன்னும் ஒரு வாரமாகும்.

முப்பத்திநாலின் விரிப்பை உதறி
கொடியில் போட்டேன்,
நிழல் டப்பாமேல் விழும்படி
கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி.