இரட்டு வியாபாரி

நினிவேயின் கிழக்கு வாசலை ஒட்டி
இரட்டுக் கடை என்னுடையது. பெயர் முஷேசிப்.
கறுத்த ஆட்டுமயிரில் நெய்த முரட்டுத் துணி:
வாற்கோதுமை மூட்டைக்கு, கழுதை முதுகுக்கு,
வீட்டில் சாவு விழுந்தால் இடுப்புக்கு.

மீன் வாடை வீசிய அந்த அந்நியன்
என் கடை வாசலில் நின்றுதான் கத்தினான்.
எங்கள் மொழி அவன் வாயில் நொண்டியது.
நாற்பது நாள் என்றான், அவ்வளவுதான்.
இரக்கம் என்றொரு சொல்லை
அவன் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

ஊர் நாட்களை எண்ணியது.
நான் கையிருப்பை எண்ணினேன்.

மனிதனுக்கும் மாட்டுக்கும் இரட்டு என்று
அரண்மனையிலிருந்து கட்டளை வந்த அன்று
ஒன்றுக்கு ஒரு சேக்கல், மதியம் மூன்று,
விளக்கு வைக்கும் நேரம் ஏழு.
கருங்கல்லில் செதுக்கிய வாத்துகள் இரண்டு
என் எடைக்கற்கள்.
ஒன்று யோக்கியமானது; அதிகாரிகள் வந்தால் அது.
மற்றது வயிற்றில் ஈயம் விழுங்கியது.
மனந்திரும்ப வந்த ஊரின் வெள்ளியையெல்லாம்
அந்த இரண்டாவது வாத்தால்தான் நிறுத்தேன்.

பானித்து வந்தாள், விதவை.
பின்னால் ஒரு சிவலைப் பசு,
வலது செருப்பை இடது காலில் மாட்டிய மகன்.
வெள்ளியில்லை; செம்புக் கிண்ணம் ஒன்றை நீட்டினாள்.
ஒற்றை இரட்டை வாங்கி அங்கேயே இரண்டாய்க் கிழித்து
பாதியைப் பையனுக்குச் சுற்றினாள், பாதியைப் பசுவுக்கு.
சிரித்துவிட்டேன். அது என்னம்மா பாவம் செய்தது?
"ஒன்றுமில்லை.
ஆனால் எங்களோடு சேர்ந்துதானே சாகும்" என்றாள்.

முப்பத்தொன்பதாம் இரவு.
கடை காலி. பெட்டி மூடவில்லை, அவ்வளவு வெள்ளி.
தண்ணீர் காட்டாத மாடுகளின் கதறல்
சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது.
ஊரே கறுப்பும் சாம்பலுமாய்க் கிடக்க
நான் மட்டும் மெல்லிய வெள்ளைச் சணல் உடையில்,
கல்யாண வீடு தேடி
இழவு வீட்டுக்குள் நுழைந்துவிட்டவன் போல.

எல்லாருக்கும் விற்றேன்.
எனக்கென்று ஒரு முழம் வைக்கவில்லை.

பானித்துவின் கதவைத் தட்டினேன்.
கேட்க வார்த்தை வரவில்லை. உடையைப் பார்த்தாள்.
தொழுவத்துக்குப் போய்
பசுவின் முதுகிலிருந்து அவிழ்த்து வந்தாள்.
சாணமும் வியர்வையும் ஊறிய அரை இரட்டு.
விலை சொல்லவில்லை.

அதைக் கட்டிக்கொண்டு கோசர் ஆற்றங்கரையில்
அந்த வாத்தை ஒரு பாறையில் மோதினேன்.
மூன்றாம் அடியில் உடைந்தது.
உருண்டு வந்த ஈயத்தைக் கையில் வைத்துக்கொண்டு
பேர் தெரியாதவரே என்று அழைத்தேன்.
உமக்கு எந்தத் திசையில் முகம் என்று தெரியாது.
என்ன பலி பிடிக்கும் என்றும் தெரியாது.
இதுதான் என் எடை.
கையை ஏந்தியபடியே இருந்தேன்.
குளிரில் விரல் மரத்தது.

விடிந்தது.
வானம் பிளக்கவில்லை. பூமி வாய் திறக்கவில்லை.
எங்கோ ஒரு கழுதை கத்தியது.
யாரோ ரொட்டி அடுப்பில் முள்விறகைத் திணித்தார்கள்;
புகை வழக்கம்போல் என் பக்கமே வந்தது.

இடியாய் வருவீர் என்று குனிந்திருந்தேன்.
நீரோ
ஒன்றுமே நடக்காத ஒரு காலையாய் வந்தீர்,
வேலைக்குப் போ என்பது போல.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து முடிக்க
அறுவடை வரை ஆனது.
சிலர் எண்ணி வாங்கினார்கள். ஒருவன் துப்பினான்.
தொட்டிகளின் மேஸ்திரி ரிமுத்து
தனக்கு வரவேண்டியதைவிட இரண்டு மடங்கு கேட்டான்;
கொடுத்தேன், மனமில்லாமல்.

அந்த அந்நியன் ஊருக்கு வெளியே
வாடிய கொடியடியில் முறைத்துக்கொண்டிருக்கிறான் என்றார்கள்.
தண்ணீர் கொண்டு போனேன்.
நாங்கள் பிழைத்ததில்தான் அவனுக்குக் கோபமாம்.
குடித்தான்; நன்றி சொல்லவில்லை.
அவனுக்கும் ஒரு விடியல் பாக்கியிருக்கும்.

செம்புக் கிண்ணத்தையும் அரை இரட்டையும்
துவைத்து மடித்துப் பானித்துவிடம் நீட்டினேன்.
கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.
"துணி இருக்கட்டும், முஷேசிப்,
உனக்கு மறுபடி வேண்டியிருக்கும்."

பையன் வாசலில் குனிந்து
செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பசு தண்ணீர் குடிக்கும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.