எண்ணிக்கை சரி

பல் பார்க்கும் கண்ணாடியால்தான்
இதன் வாயையும் பார்க்கிறேன்.
ஐந்து அறை. நான்கில் விளக்கொளி
வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பும்.
ஒன்றில் மட்டும் பொரிந்த துரு,
கடைவாயில் ஆரம்பச் சொத்தை மாதிரி.
நூற்றுப் பத்து வயதுக்கு
அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அமெரிக்காவில் சைக்கிள்காரர்கள்
நாய்க்குப் பயந்து வாங்கிய ஜாதி இது.
சட்டைப்பையில் நூல் மாட்டக் கூடாதென்று
சுத்தியலையும் உடம்புக்குள் ஒளித்துக்கொண்டது.
ரங்கூனில், ஒரு வட்டிக்கடையில்,
பேரேடுகளுக்கு நடுவே படுத்திருந்தது.
யாரையும் சுட்டதாகக் கணக்கில் இல்லை.

வாங்கியது கோட்டையூரில், ஒரு பாகப்பிரிவினையில்.
ஏழு பங்காளிகள்.
எனாமல் அடுக்கு ஏழாகப் போனது.
நிலைக்கதவைக் கழற்றி விற்று
அதையும் ஏழாக்கினார்கள்.
ஐந்து குண்டுக்காரன் ஏழில் வகுபடவில்லை.
லைசென்சோ ஒரே பெயருக்கு.
"தேனம்மை டாக்டரே கொண்டு போகட்டும்" என்றார்
மூத்த பங்காளி சாத்தப்பன்,
மேல்வரிசைப் பல்செட்டை நாக்கால் தள்ளியபடி.
(செட் நான் கட்டியது. கொஞ்சம் தளர்வு.)
கலெக்டர் ஆபீசுக்குப் பதினோரு நடை.

சேகரிப்பவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம்.
சட்டம் இரண்டோடு நிறுத்திவிட்டது.
மூன்றாவதை, மூக்குடைந்த பெல்ஜியத்துக்காரியை,
ஒரு மார்கழியில் ஒப்படைத்தேன்.
வரிசை எண் இன்னும் மனப்பாடம்.
ரகசிய எண் கேட்கும் இடத்திலெல்லாம்
அதைத்தான் தருகிறேன்.

ஞாயிறு காலை ரைபிள் கிளப்.
செம்புறாங்கல் வெட்டியெடுத்த பள்ளம்,
அதன் கடைசியில் மண்மேடு, சுற்றிலும் கருவை.
பத்து மீட்டர் இதற்குத் தூரதேசம்.
விசையை இழுத்தால் வராது,
வராது,
வராது,
வந்துவிடும்.
ஞானப்பல் பிடுங்குவதும் இப்படித்தான்.
அவசரப்பட்டால் உடையும்.
ஐந்தில் இரண்டு காகிதத்தில், ஒன்று மரச்சட்டத்தில்.
மற்ற இரண்டும் மண்மேட்டுக்குத்தான் தெரியும்.
மயில்கள் முதல் வெடிக்கு எழுந்து பறந்தன.
மூன்றாவதற்கு எழவில்லை.
என்னை எடைபோட்டுவிட்டன.

தேர்தல் அறிவித்தால்
துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.
தேவகோட்டையில் ஏட்டு சந்தனமாரி
இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.
"இது சுடுமா?"
"சுடும்."
"எம்புட்டு தூரம்?"
"குறி பார்க்கிறவரைப் பொறுத்தது."
ரசீதின் முதல் வரியில் இதன் அக்காள்.
இரண்டாவதில்: ரிவால்வர், மிகச் சிறியது, பழையது, ஒன்று.
அதன்கீழ்: தோட்டா, பத்து.

நாற்பத்திரண்டு நாள்.
மைக்செட் கட்டிய ஆட்டோக்கள்
தெருவைத் தேய்த்துவிட்டுப் போயின.
காலி டிராயரை இருமுறை திறந்து மூடினேன்.
ஓட்டு எண்ணி முடித்த இரவு
விடியவிடிய சரவெடி.

திருப்பித் தந்தபோது சந்தனமாரி இல்லை.
"கையெழுத்து நாளைக்குப் போடுங்க" என்றார்கள்.
கிளினிக் விளக்கை இழுத்துக் கண்ணாடியை விட்டேன்.
நான்கு அறை, கொடுத்தபடி சுத்தம்.
துருப்பிடித்த அறையில் கரி.
முகர்ந்தால் தீபாவளிக்கு மறுநாள்.
உறையை மேஜையில் கொட்டினேன்.
ஒன்பது தோட்டா,
ஒரு வெற்றுப் பித்தளைக் கூடு.
ஆக, பத்து.

மறுநாள் ஏட்டு நிமிரவில்லை.
வலது காதில் பஞ்சு.
நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை வைத்தார்.
"எண்ணிக்கை சரிதானே டாக்டர்?"

ஜன்னலுக்கு வெளியே
பறிமுதல் செய்த மணல் லாரி.
மணல்மேல் ஓர் எண்ணெய் டின்.
டின்னின் நெற்றியில், அச்சாக நடுவில், ஒரே ஓட்டை.
கண்ணால் அளந்தேன்.
பதினைந்து மீட்டருக்குக் குறையாது.
இரண்டங்குலக் குழல்.

பன்னிரண்டு வருடமாக இதை வைத்திருப்பவள் நான்.

கையெழுத்துப் போட்டேன்.
கேட்கக் கூடாததை விட்டுவிட்டு
மற்றதைக் கேட்டேன்:
"இழுக்கும்போது மூச்சைப் பிடிச்சீங்களா, விட்டீங்களா?"

நோட்டை மூடினார்.
"உள்ளாட்சித் தேர்தல் எப்ப வரும்னு
ஒண்ணும் தெரியலை டாக்டர்."